ஓடத்துறைப் படிகளை ஒருவரும் பயன்படுத்தவில்லை என்ற வாக்கியம் குறித்து

அனுப்புநர்:
கிருசிகா தவச்செல்வன்,
பழைய அட்டை ஆலைக் குடியிருப்பு, மூன்றாம் மாடி,
ஃபார்விலர், சோலோதுர்ன் கன்டோன்,
சுவிட்சர்லாந்து.

பெறுநர்:
திருமதி மதுஜா மகேஸ்வரன் அவர்கள்,
கிராமசபை உறுப்பினர் (பண்பாடு, ஆற்றங்கரை),
கிராமசபை அலுவலகம்,
ஃபார்விலர்.

பொருள்: ஓடத்துறைப் படிகளில் போடப்பட்ட இரும்புக் கதவைத் திறந்து, என் தந்தையின் சாம்பலை ஆற்றில் கரைக்க வழிவிடுவதும், வரலாற்று நடைபாதையின் நான்காம் பலகையில் உள்ள பொய்யை நீக்குவதும் தொடர்பாக.

பார்வை: ஆகஸ்டு தொடக்கத்தில் நான் ஜெர்மன் மொழியில் அளித்த மனுவும் அதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனில் எழுதிய மனுவுக்கு ஐந்து வரியில் பதில் வந்தது. எழுதியவர் செயலாளர். கையொப்பம் மட்டும் உங்களுடையது. மறுபடியும் ஜெர்மனில் எழுதினால் மறுபடியும் அதே வரிகள்தான் வரும். தமிழில் எழுதியதை நீங்கள் எவரிடமும் தள்ளிவிட முடியாது. ஃபார்விலர் கிராமசபையில் இதை வாசிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். விதிப்படி ஒரு மொழிபெயர்ப்பும் இணைத்திருக்கிறேன். அது கோப்புக்கு.

2. என் தந்தை தவச்செல்வன் கடந்த ஜூன் மாத இறுதியில் காலமானார். தகனம் முடிந்து சாம்பல் கலசத்தில் வந்தது. ஈமக்கிரியைகளை முடிக்கும் அந்தியேட்டி நாளன்று, ஆகஸ்டு இரண்டாம் தேதி சனிக்கிழமை காலையில், அந்தச் சாம்பலை ஓடத்துறைப் படிகளிலிருந்து ஆரே ஆற்றில் கரைத்திருக்க வேண்டும். கரைக்கவில்லை. கதவு பூட்டியிருந்தது. கலசம் இப்போது எங்கள் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறு பொருத்தமான மேசை வீட்டில் இல்லை. அம்மா அந்த அறைக்குள் போகும்போது குரலைத் தாழ்த்துகிறார். தொலைக்காட்சியை எவரும் போடுவதில்லை. என் புகார் இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்கின்றன.

3. சபை இவ்வாண்டு ஒரு வரலாற்று நடைபாதையை அமைத்தது. ஆறு பலகைகள். மூன்று மொழிகள்: ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம்.

முதல் பலகை தேவாலயத்தின் முன். ஓடக்காரர்களின் காவலரான புனிதருக்குக் கட்டியது. கோபுரத்தின் கீழ்ப்பாதி பழையது, மேற்பாதி தீவிபத்துக்குப் பின் எழுப்பியது. இரண்டாவது, உப்புக் கிடங்கு. படகில் வந்த உப்பு தலைமுறை தலைமுறையாக அங்கே குவிந்து கிடந்ததால் இன்றும் மழைக்கு முன் அதன் சுவர் வெள்ளையாகப் பூக்கும். மூன்றாவது, வெள்ளக்கல். ஆறு எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் ஏறியது என்று கோடு கோடாகச் செதுக்கிய தூண். நான்காவது, ஓடத்துறைப் படிகள். ஐந்தாவது, ஓடத்தை வேலையிழக்கச் செய்த இரும்புப் பாலம். ஆறாவது, அட்டை ஆலையின் புகைபோக்கி. அதன் உச்சியில் நாரைக் கூடு.

இவற்றை நான் குறைத்து மதிக்கவில்லை. இங்கேதான் பிறந்தேன். உப்புச் சுவர் பூப்பதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த குழந்தைகளில் நானும் ஒருத்தி. பாசல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனதற்கே அந்தச் சுவர்தான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த ஊரின் வரலாற்றின் மீது எனக்குப் பகை இல்லை. அதில் எனக்குப் பங்கு உண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

4. ஆறாம் பலகையில் நாரைக்குப் பெயர் இருக்கிறது. ஹெட்வீக். அது எந்த வசந்தத்தில் வந்தது, எத்தனை குஞ்சு பொரித்தது என்றெல்லாம் இருக்கிறது. அதே புகைபோக்கிக்குக் கீழே, ஆலை மூடும் வரை இரவு முறையில் ஈர அட்டை சுமந்தவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு நான் மனுப் போடவில்லை. விட்டுவிட்டார்கள் என்றால் மறதி என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் பலகை மறதி அல்ல. அதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“ஓடத்துறை. சோலோதுர்னுக்கு உப்பும் வைனும் ஏற்றிச் சென்ற படகுகள் இங்கே கட்டப்பட்டன. கடைசி ஓடக்காரரான யாக்கோப் வீஸ், தம் நாய் பெல்லோவுடன், 1911 வரை மக்களைக் கரை சேர்த்தார். பாலம் திறக்கப்பட்ட பின் இப்படிகளை ஒருவரும் பயன்படுத்தவில்லை. கீழ்ப்படிகள் வியக்கத்தக்க தூய்மையுடன் எஞ்சியிருப்பதற்கு ஆற்றின் ஓட்டமே காரணம்.”

நாய்க்கும் பெயர் இருக்கிறது.

5. அம்மையீர், அந்த இடத்தில் ஆற்றுக்கு ஓட்டமே கிடையாது. நீங்கள் அறிவீர்கள். பழைய கரைச்சுவர் வளைந்து தண்ணீரை மறிப்பதால் அது தேங்கி நிற்கும் இடம். அதனால்தான் ஓடம் கட்ட அதைத் தேர்ந்தார்கள். அதனால்தான் நாங்களும் தேர்ந்தோம். வேறு எங்கு இறங்கினாலும் ஆரே ஆளை இழுத்துவிடும். ஓட்டம் இல்லாத தண்ணீர் கல்லைக் கழுவாது. சேறுதான் கொண்டுவந்து போடும். ஒவ்வொரு வசந்தத்திலும் கீழ்ப்படிகள் மூன்றும் சேற்றுக்கடியில் போய்விடும். பாசி பிடிக்கும். கால் வைத்தால் வழுக்கும்.

அந்தச் சேற்றை வாரிப் பாசியைத் தேய்த்தவர் என் அப்பா. ஒரு நீல வாளி, ஒரு கட்டைத் தூரிகை, வினிகர். ஆலை மூடிய பின் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஓய்வு நாளில் இது. எவரும் அவரிடம் சொல்லவில்லை. எவரும் கூலி கொடுக்கவுமில்லை. சாம்பல் கரைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நித்திரை இல்லாமல், சாப்பிடாமல் வருகிறார்கள், வழுக்கி விழுவார்கள் என்பார். அவ்வளவுதான் அவருடைய காரணம்.

நினைவுச்சின்ன நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, கல்லின் தூய்மையைப் புகழ்ந்து, காரணத்தை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மறுக்கவில்லை.

6. எங்கள் வழக்கம் சபைக்குத் தெரியாமல் போனதற்கு எங்களுடைய பங்கும் உண்டு. அதை மறைத்தால் இம்மனு நேர்மையற்றதாகிவிடும்.

நான் பிறப்பதற்கு முன், முதல் சில ஆண்டுகளில், சாம்பலோடு பூவும் தேங்காயும் ஆற்றில் போயின. ஒரு கோடையில், தேக்கத்தைத் தாண்டி எறிந்த அரைத் தேங்காய் ஒன்று கீழே நீந்திக்கொண்டிருந்த ஒருவரின் தோளில் மோதியது. ஊர்ப் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் பயந்துவிட்டார்கள். அப்போது பலர் கையில் நிரந்தர வதிவிட அனுமதி இல்லை. ஊர்த் தமிழர் ஒன்றியத்தின் தலைவராக இருந்த திரு. உருத்திரமூர்த்தி எல்லோரையும் கூட்டிச் சொன்னாராம்:

“வந்த தடம் தெரியக் கூடாது. ஒரு பூவிதழ் கிடந்தாலும் நாளைக்கு எங்களுக்கு ஆறில்லை. விளங்கிச்சோ?”

விளங்கிவிட்டது. மிக நன்றாக விளங்கிவிட்டது. நடைப்பயிற்சிக்காரர் வருவதற்கு முன், விடியும் முன், வருவது என்றானது. தேங்காய் வீட்டிலேயே உடைப்பது. கர்ப்பூரம் கல்லில் அல்ல, தட்டில். பூ போடாமல் எவராலும் இருக்க முடியவில்லை. ஆகவே அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். மா அரிக்கும் அரிதட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு படி கீழே நின்று, அதைத் தண்ணீரில் பிடித்து, மிதக்கும் பூக்களை எல்லாம் அரித்தெடுத்துவிடுவார். சாம்பல் போகும். பூ திரும்பி வீட்டுக்கு வரும். அதன்பின் எங்கள் வீட்டில் அந்த அரிதட்டில் மாவு அரிப்பதில்லை.

இப்படி ஒரு கரையை உலகில் வேறு எவரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். எங்களுக்குப் பின் அந்த இடம், எங்களுக்கு முன் இருந்ததைவிடத் துப்புரவாக இருக்கும். சபை அதைத்தான் பார்த்தது. துப்புரவைப் பார்த்தது. எவரும் இல்லை என்று எழுதியது.

7. நடைபாதைக்குத் தகவல் திரட்ட, சென்ற ஆண்டின் முன்பகுதியில், பள்ளி மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. அப்பாவும் அம்மாவும் போனார்கள். கடைசி வரிசை. நீங்கள் முதல் வரிசை. கூட்டத்தை நடத்தியவர் படிகளின் படத்தைத் திரையில் காட்டி, பாலம் வந்த பிறகு இவற்றை எவராவது பயன்படுத்தியதாக யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “வாத்துகள்” என்றார். மண்டபம் சிரித்தது.

அப்பாவும் சிரித்தாராம். அம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். ஏன் கை உயர்த்தவில்லை என்று. சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “அவை சரித்திரமெல்லோ கேட்டவை, பிள்ளை. நான் எழும்பி என்னத்தைச் சொல்லுறது? நாங்கள் இப்ப இருக்கிற ஆக்கள்.”

அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. முப்பது ஆண்டுகளாகத் தடம் தெரியாமல் நடந்த மனிதர், ஒரு கேள்விக்காக எழும்பிவிட மாட்டார்.

முதல் வரிசையில் இருந்தவர் ஏன் பேசவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

8. ஏனென்றால் உங்கள் தந்தை மகேஸ்வரன் அவர்களின் சாம்பலும் அந்தப் படிகளில்தான் கரைந்தது. உங்களுக்கு ஆண் சகோதரர் இல்லை. மகள் எப்படி என்று நான்கு பேர் முணுமுணுத்தார்கள். நீங்களே கலசத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள். நான் அப்போது பள்ளி மாணவி. மேலே நின்று பார்த்தேன். எனக்கு அன்று உங்களைப் போல வர வேண்டும் என்றிருந்தது.

வழக்கம்போல அப்பா முதலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், கடைசிப் படிக்கு அப்பால் நின்றார். குளிர்காலம். உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மாமா, விட்டிடாதேங்கோ,” என்றீர்கள்.

“பிடிச்சிருக்கிறன். நீ குனி, பிள்ளை. அவசரப்படாத. கொப்பர் ஒருநாளும் அவசரப்பட்டவரில்லை, பஸ்ஸை விட்டாலும் விடுவார்,” என்றார் அப்பா.

அழுதுகொண்டே சிரித்தீர்கள். அம்மா உங்கள் தந்தைக்குப் போட்ட செவ்வந்திகளை அரிதட்டில் அள்ளிக்கொண்டிருந்தார்.

ஆகவே, “இப்படிகளை ஒருவரும் பயன்படுத்தவில்லை” என்ற பலகை வாசகத்தை அங்கீகரித்துக் கையொப்பமிட்டபோது, அம்மையீர், நீங்கள் இட்ட கையொப்பத்தின் இரண்டாம் பாதி, உங்கள் தந்தையின் பெயர், அந்தத் தண்ணீரில் கிடக்கிறது.

9. இனி ஆகஸ்டு இரண்டாம் தேதி.

நாங்கள் பன்னிரண்டு பேர் வரை போனோம். தம்பி பிருந்தன் கலசத்தை வைத்திருந்தான். குருக்கள் வேறோர் ஊரிலிருந்து முதல் ரயிலில் வந்திருந்தார். படிகளின் தலைப்பில் புதிய கறுப்பு இரும்புக் கதவு. பூட்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், இறங்கத் தடை என்ற அறிவிப்பு. அதை எப்போது போட்டார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. அப்பா நோயில் படுத்த பிறகு வாளியுடன் அங்கே போக ஆளில்லாமல் போயிருந்தது. போயிருந்தால் தெரிந்திருக்கும்.

கிராமசபையின் அவசர எண்ணை அழைத்தோம். பராமரிப்புப் பணியாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். கலசத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். தம்மிடம் ஆற்றங்கரைக் கழிப்பறையின் சாவி இருக்கிறது, கதவின் சாவி இல்லை என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

“நேரம் போகுது, நேரம் போகுது,” என்று குருக்கள் சொல்லிக்கொண்டிருந்தார். திரு. உருத்திரமூர்த்திக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கதவைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவை நினைத்துச் சொன்னார்:

“தவம் இருந்திருந்தால் இந்நேரம் உந்தக் கேற்றைக் கழட்டி, எல்லாரையும் இறக்கி ஏத்திப்போட்டு, துடைச்சுத் திரும்பப் பூட்டியிருப்பான். ஒருத்தனுக்கும் தெரிஞ்சிராது.”

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். பிறகு நான்காம் பலகையின் கீழே இருந்த கல்லில் போய் உட்கார்ந்தார். அவருக்கு ஜெர்மன் வாசிக்க வரும். வாசித்தார். பலகை அன்று இன்னும் நெகிழித் தாளால் மூடியிருந்தது. திறப்பு விழா நடக்கவில்லை. தாளுக்குள்ளால் எழுத்துத் தெரிந்தது.

மிச்சக் கிரியைகளை வீட்டில் செய்தோம். ஆறு வேண்டிய இடத்தில் ஆறு இருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது கலசம் தம்பியின் மடியில் இருந்தது. முன்னிருக்கைப் பெண்மணி ஒருவர் அது என்ன, அழகாக இருக்கிறதே என்று கேட்டார். தம்பி, “என் அப்பா,” என்றான்.

10. என் முதல் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில்: ஆற்றில் சாம்பல் கரைப்பதற்குச் சபை தடை சொல்லவில்லை. தடை படிகளுக்கு மட்டும். மரபான பயன்பாட்டுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. வேறொரு கன்டோனில் இதற்கென ஒதுக்கிய இடம் இருப்பதாக அறிகிறோம். ஆழ்ந்த அனுதாபங்கள்.

சான்று கிடைக்கவில்லை.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று பல நாள் தெரியவில்லை. எழுதிய வரிகளை எல்லாம் அழித்தேன். கோபத்தில் எழுதியது அடுத்த நாள் காலையில் வாசிக்கும்போது சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. கோபமில்லாமல் எழுதியது பொய்யாக இருந்தது. வரலாற்று வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்: சான்று இல்லாமை, நிகழாமைக்குச் சான்று ஆகாது. பரீட்சையில் அதை எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். இப்போது அதே வாக்கியம் என் வீட்டு வரவேற்பறையில் ஒரு கலசமாக இருக்கிறது.

வேறு கன்டோனில் இடம் இருக்கலாம். அப்பா இந்த ஊரில் வாழ்ந்தார். இந்த ஊரில் வரி கட்டினார். எத்தனையோ பேரை இந்தத் தண்ணீரில் இறக்கி ஏற்றினார். அவருக்கு மட்டும் அயலூர் எதற்கு?

11. ஆகஸ்டு இருபத்து மூன்றாம் தேதி நடைபாதைத் திறப்பு விழா. கிராமசபைத் தலைவர் நாடா வெட்டினார். ஓடக்காரரின் கொள்ளுப்பேத்தி மாலையுடன் வந்திருந்தார். பித்தளைக் குழலிசை நடந்தது. நீங்கள் பேசினீர்கள். “ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை உண்டு” என்று.

பிறகு, சோசேஜ் கடை வரிசையில், அம்மாவைக் கண்டு பக்கத்தில் வந்தீர்கள். நான் அம்மாவின் மறுபக்கம் நின்றேன். நீங்கள் சொன்னதை மறக்கவில்லை:

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நான் சாவி எடுத்துத் தாறன். விடிய அஞ்சு மணிக்குப் போங்கோ, நாலு பேர் மட்டும். பூ கீ ஒண்டும் வேண்டாம். பலகையைப் பற்றி இப்ப ஒருத்தரோடயும் கதைக்கவேண்டாம், சரியோ? தேர்தல் வருது. என்னை உள்ளுக்கை எப்பிடிப் பாக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாது.”

“சரி பிள்ளை,” என்றார் அம்மா.

நீங்கள் அம்மாவுக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்குச் சாலட் வாங்கிக் கொடுத்தீர்கள். அவர் அதை முழுவதும் சாப்பிட்டார். மரியாதைக்காக.

உங்களை உள்ளே எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது என்பது உண்மை. எளிதாக இராது என்று ஊகிக்க முடிகிறது. இந்தச் சபையில் நம்மில் முதலாவதாக அமர்ந்தவர் நீங்கள். நீங்கள் வென்ற அன்று ஒன்றிய மண்டபத்தில் அம்மா வடை சுட்டார். அப்பா உங்கள் படத்தை ஆலைக் குடியிருப்பின் ஒவ்வொரு தளத்திலும் ஒட்டினார். வென்ற பின் ஒவ்வொன்றாகக் கிழித்துப் பசையையும் சுரண்டினார். உங்களுக்கு வாக்களித்தவர்கள் உங்களிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை.

ஆனால், உருத்திரமூர்த்தி அன்று இட்ட கட்டளையைத்தான் இன்று நீங்களும் இடுகிறீர்கள். அவர் இட்டபோது அவருக்கு நிரந்தர வதிவிட அனுமதி இல்லை. உங்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. பதவி இருக்கிறது. சாவி இருக்கிறது.

12. உங்கள் சலுகை எங்கள் வீட்டில் சண்டையைக் கொண்டுவந்தது. அதையும் சபை அறியட்டும்.

நான் மறுக்க வேண்டும் என்றேன். அம்மா ஏற்க வேண்டும் என்றார். “ஆளைக் கொண்டுபோய் விடவேணும். அதுதான் எனக்கு. பலகை இருந்தாலென்ன, எரிஞ்சாலென்ன?” என்றார். அவர் படிப்பில்லாமல் அப்படிச் சொல்லவில்லை. கணவனின் சாம்பலை வைத்துக்கொண்டு சொன்னார். நான் வரலாற்றைப் பற்றிக் கதைத்தேன். தம்பி, “அக்கா, நீ உன்ரை தீசிஸை அப்பான்ரை தலையில எழுதாத,” என்றான். அது என்னைத் தைத்தது. ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். இரவுச் சாப்பாட்டில் எவரும் எவரோடும் பேசாத நாட்கள் சில போயின. கடைசியில் நான் இணங்கினேன். அம்மா சொல்வதுதான். சாவியை வாங்கிக்கொள்வோம், இருட்டில் போவோம், வாயை மூடுவோம்.

மறுநாள் அம்மா கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எவரும் ஒன்றும் கேட்கவில்லை. தாமாகச் சொன்னார்:

“அஞ்சு மணிக்கு ஏன் போறது? நான் என்ன களவெடுக்கவோ போறன்?”

சிறிது நேரம் கழித்து:

“அந்த மனுசன் உயிரோட இருக்கும்வரை இருட்டிலதான் இறங்கினவர். போறதாவது பகலில போகட்டும். மதுஜாவுக்குச் சொல்லு. நான் சொன்னதெண்டு சொல்லு.”

சொல்கிறேன். இம்மனு அதற்காகத்தான்.

13. ஆகவே, பின்வருவனவற்றைத் தங்களிடம் கோருகிறேன்.

அ. செப்டெம்பர் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஓடத்துறைப் படிகளின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்கான இரகசியச் சலுகையாக அல்ல. சபையின் எழுத்துமூல ஆணையாக. எங்களுக்குப் பின் வரும் குடும்பங்களுக்கும் அது செல்ல வேண்டும். ஆள் எண்ணிக்கைக்கும் பூவுக்கும் கட்டுப்பாடு கூடாது. தேங்காய் கொண்டுவர மாட்டோம். நீந்துகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

ஆ. நான்காம் பலகையின் கடைசி இரண்டு வாக்கியங்களை நீக்க வேண்டும். அவற்றின் இடத்தில், பாலம் வந்த பின்னும் இப்படிகள் பயன்பாட்டில் உள்ளன என்றும், இக்கன்டோனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் இறந்தோரின் சாம்பலை இங்கே ஆற்றில் கரைக்கின்றன என்றும், கற்களைத் துலக்கி வந்தவர்கள் அவர்கள்தான் என்றும் எழுத வேண்டும். பெயர் போட இடமில்லை என்றால் போட வேண்டாம். பொய்யை எடுத்தால் போதும்.

இ. “சான்று கிடைக்கவில்லை” என்று எனக்கு அனுப்பிய பதிலைத் தாங்களே, தங்கள் கைப்பட, திரும்பப் பெற வேண்டும். இதைச் செயலாளர் செய்ய முடியாது. அவர் அங்கே இருக்கவில்லை.

14. பதினான்காம் தேதியைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்கு நடைபாதையின் முதல் பொதுச் சுற்று தொடங்குவதாகச் சபையின் அறிவிப்பில் பார்த்தேன். தேவாலயம், உப்புக் கிடங்கு, வெள்ளக்கல் முடித்து வழிகாட்டி பதினொரு மணியளவில் படிகளுக்கு வந்து சேருவார். பார்வையாளர்கள் வருவார்கள். ஊர்ப் பத்திரிகை வரும். தாங்களும் வருவதாக அறிவிப்பில் இருக்கிறது.

தங்கள் பதில் எதுவாயினும் நாங்கள் அங்கே இருப்போம். அம்மா, தம்பி, நான், குருக்கள், வர விரும்பும் எல்லோரும். கதவு திறந்திருந்தால் அப்பாவைக் கொண்டு இறங்குவோம். பூட்டியிருந்தால் அப்பாவை வைத்துக்கொண்டு மேலே நிற்போம். சத்தம் போட மாட்டோம். எவரையும் மறிக்க மாட்டோம். வழிகாட்டி வழக்கம்போல வந்து, எங்கள் முன்னால் நின்று, “இப்படிகளை ஒருவரும் பயன்படுத்தவில்லை” என்ற வரியைக் கூட்டத்துக்கு உரத்து வாசிக்கட்டும்.

அவரால் வாசிக்க முடியாவிட்டால், அதைத் தாங்கள் வாசிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கிருசிகா தவச்செல்வன்
(ஒப்பம்)

என் தாயார் மனோகரி தவச்செல்வன் இதை முழுவதும் வாசிக்கக் கேட்டு, தம் கைப்படத் தமிழில் ஒப்பமிட்டுள்ளார்.

இடம்: ஃபார்விலர்
நாள்: 30.08.2025

இணைப்பு: ஜெர்மன் மொழிபெயர்ப்பு.